ஜப்பான் வெளிநாட்டுக் கூட்டுறவுத் தன்னார்வலர் திட்டம்

ஜப்பான் வெளிநாட்டுக் கூட்டுறவுத் தன்னார்வலர் திட்டம் என்பது தொழில் அறிவு பெற்ற ஜப்பானியக் குடிமக்களை வளரும் நாடுகளுக்கு அனுப்பி, அந்நாட்டு மக்களுடன் தங்கிப் பணியாற்றச் செய்யும் ஜப்பானிய அரசின் திட்டம் ஆகும். 1965 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்திட்டத்தை ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை (ஜைக்கா) நடத்தி வருகின்றது. வழக்கமான பணிக்காலம் இரண்டு ஆண்டுகள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் அவ்வேலையை இழக்காமல் இரண்டு ஆண்டுகள் வெளிநாடு சென்று திரும்புவதற்கான ஏற்பாடுகள் இத்திட்டத்தில் படிப்படியாக உருவாக்கப்பட்டன. பணி இடைவெளியில் மேற்கொள்ளப்படும் தன்னார்வச் சேவைக்கு எடுத்துக்காட்டாக இத்திட்டத்தைக் குறிப்பிடலாம்.

வரலாறு

1965 ஏப்ரலில் திட்டம் தொடங்கியபோது அதனை வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கூட்டுறவு முகமை நடத்தியது. முதற் குழுவைச் சேர்ந்த ஐவர் அதே ஆண்டு டிசம்பரில் லாவோசுக்குப் புறப்பட்டனர். 1974 இல் ஜைக்கா அமைக்கப்பட்டபின் திட்டம் அதன் பொறுப்பில் வந்தது.

தொடக்கத்தில் இது இளைஞர்களுக்கான திட்டமாகவே இருந்தது. நாற்பது வயதைக் கடந்தோருக்கென 1990 இல் தனிப்பிரிவு ஏற்படுத்தப்பட்டது. நெடுங்காலம் இளைஞர் பிரிவுக்கு 20 முதல் 39 வயது வரையும், மூத்தோர் பிரிவுக்கு 40 முதல் 69 வயது வரையும் வரம்பாக இருந்தன. 2018 இல் மேற்கொள்ளப்பட்ட மறுசீரமைப்பில் வயதை அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு நீக்கப்பட்டு, பணிக்குத் தேவையான அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட பிரிவுகள் கொண்டுவரப்பட்டன.

ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்த காலத்திற்குள் இளைஞர் பிரிவில் மட்டும் 40,000 க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டிருந்தனர். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலும் தன்னார்வலர்கள் பணியாற்றியுள்ளனர். 2016 இல் இத்திட்டத்திற்கு ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சில் களத்தில் இருந்த தன்னார்வலர்கள் நாட்டுக்குத் திரும்ப அழைக்கப்பட்டனர். பின்னர் அனுப்புதல் படிப்படியாக மீண்டும் தொடங்கியது.

பணியிடம் கண்டறிதலும் தேர்வும்

தன்னார்வலர் தமக்கு விருப்பமான நாட்டைத் தேர்ந்தெடுத்துச் செல்லும் முறை இதில் இல்லை. முதலில் பெறும் நாடு தனக்குத் தேவையான பணியைக் குறிப்பிட்டு ஜப்பானிடம் வேண்டுகோள் அளிக்க வேண்டும். அவ்வேண்டுகோள்கள் தொகுக்கப்பட்டு, பணியின் தன்மை, பணியிடம், தேவையான தகுதி, பயன்படும் மொழி ஆகிய விவரங்களுடன் வெளியிடப்படுகின்றன. விண்ணப்பிப்பவர் அவற்றுள் தமக்குப் பொருந்துவதைத் தெரிவு செய்வார். வேளாண்மை, கல்வி, செவிலியம், வாகனப் பழுதுபார்ப்பு, கணினி, விளையாட்டுப் பயிற்சி, ஊரக வளர்ச்சி எனப் பணிகள் பலவகைப்படும்.

ஆவணத் தேர்வு, உடல்நலப் பரிசோதனை, நேர்முகத் தேர்வு ஆகியவற்றின் மூலம் தேர்ந்தெடுப்பு நடைபெறும். மருத்துவ வசதி குறைந்த இடங்களில் தங்க வேண்டியிருப்பதால் உடல்நலத் தகுதி கண்டிப்புடன் பார்க்கப்படுகின்றது. தொழில் அனுபவம் மிகுந்திருந்தும் நாட்பட்ட நோய் காரணமாகத் தகுதி பெறாமல் போக வாய்ப்பு இருப்பதால், நடுவயதில் விண்ணப்பிப்போருக்கு இக்கட்டம் முதன்மையானது.

நீண்டகாலப் பணிக்குத் தேர்வானவர்கள் நாகானோ மாநிலத்தின் கொமாகனே, புக்குசிமா மாநிலத்தின் நிகொன்மட்சு ஆகிய இடங்களில் உள்ள பயிற்சி மையங்களில் ஏறத்தாழ 70 நாட்கள் தங்கிப் பயில்வர். பயிற்சியின் பெரும்பகுதி மொழிக் கல்வியாகும். பணிக்காலத்தில் சம்பளம் கிடையாது. பயணச் செலவு, தங்குமிடம், உள்ளூர் வாழ்க்கைச் செலவுக்கான படி ஆகியவை வழங்கப்படும்.

வேலையில் இருந்துகொண்டே பங்கேற்றல்

ஜப்பானின் பெரிய நிறுவனங்களில் பட்டதாரிகளை ஏப்ரல் மாதத்தில் ஒட்டுமொத்தமாகச் சேர்ப்பதும், பணிமூப்பின்படி ஊதியம் உயர்வதும் நெடுங்கால வழக்கமாகும். இத்தகைய அமைப்பில் முப்பது வயதில் வேலையை விடுபவருக்கு ஊதியத்துடன் பணிமூப்பும் போய்விடும். திரும்பி வந்தபின் அதே நிலையில் வேறு வேலை கிடைப்பது அரிது. எனவே திட்டத்தில் சேர விரும்பும் ஊழியரின் முன் நிற்கும் முதற் கேள்வி, திரும்பி வரும்போது தம் இடம் இருக்குமா என்பதே ஆகும்.

இதற்குத் தீர்வாக, ஊழியர் பதவி விலகாமல் விடுப்பிலோ அயற்பணியிலோ பங்கேற்கும் முறை வகுக்கப்பட்டது. இம்முறை ஜப்பானிய மொழியில் கென்சொக்கு சங்கா எனப்படுகின்றது. பதவியில் இருந்தபடியே பங்கேற்றல் என்பது இதன் பொருள். இதற்கான வழிகள் பணி வழங்குநரைப் பொறுத்து வேறுபடுகின்றன.

* நடுவண் அரசு ஊழியர்: பன்னாட்டு அமைப்புகள் முதலியவற்றுக்கு அனுப்பப்படும் அரசு ஊழியர் பற்றிய 1970 ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுகின்றது.
* உள்ளாட்சி ஊழியர்: இவர்களுக்கென 1987 இல் ஒத்த சட்டம் இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகள் தத்தம் விதிகளின்படி ஊழியரை அனுப்புகின்றன.
* பள்ளி ஆசிரியர்: 2001 இல் தனி ஏற்பாடு உருவாக்கப்பட்டது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், பயிற்சியையும் சேர்த்துச் சரியாக இரண்டு கல்வியாண்டுகளுக்குள் பணி முடியுமாறு காலம் அமைக்கப்பட்டது. பயிற்சி மூன்று மாதம், வெளிநாட்டுப் பணி ஓராண்டு ஒன்பது மாதம் என்பது அதன் கணக்கு. ஆண்டின் நடுவில் வகுப்பைக் கைவிட வேண்டிய நிலை இதனால் தவிர்க்கப்பட்டது.
* தனியார் நிறுவன ஊழியர்: 2012 இல் நிறுவனங்களுடன் இணைந்து செயற்படும் முறை தொடங்கப்பட்டது. நாடு, பணி, காலம் ஆகியவற்றை ஜைக்காவுடன் கலந்து முடிவு செய்து நிறுவனமே தன் ஊழியரை அனுப்பலாம்.

இம்முறைகள் எவையும் ஊழியரின் தனி உரிமையாக அமையவில்லை. பணி வழங்குநரின் இசைவு இன்றியமையாதது. விடுப்புக் காலத்தில் ஊதியம் உண்டா, அக்காலம் பணிமூப்பில் சேருமா என்பவையும் நிறுவனத்தின் விதிகளைப் பொறுத்தவை. ஆட்கள் குறைவாக உள்ள சிறு நிறுவனங்களுக்கு ஒருவரை இரண்டு ஆண்டுகள் விடுவிப்பது எளிதன்று.

திரும்பியபின்

பதவி விலகிச் சென்றவர்கள் நாடு திரும்பியதும் புதிதாக வேலை தேட வேண்டியுள்ளது. இவர்களுக்கு ஜைக்கா வேலைவாய்ப்பு ஆலோசனை அளிக்கின்றது. சில உள்ளாட்சி அமைப்புகளும் கல்வி வாரியங்களும் திரும்பிய தன்னார்வலர்களுக்கு ஆட்சேர்ப்பில் சிறப்பு ஒதுக்கீடு அல்லது தேர்வுச் சலுகை வழங்குகின்றன. ஜப்பானில் குடியேறும் வெளிநாட்டினர் பெருகியுள்ளதால், அவர்தம் குழந்தைகள் பயிலும் பள்ளிகளில் வெளிநாட்டு அனுபவமுடைய ஆசிரியர்களுக்குத் தேவை உள்ளது.

விண்ணப்பங்களின் எண்ணிக்கை 1990 களின் நடுப்பகுதியில் உச்சத்தை எட்டிப் பின்னர் பெரிதும் குறைந்தது. இளைஞர் தொகை குறைந்தமையும், நிரந்தர வேலை கிடைத்தவர் அதனை விடத் தயங்கியமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

பிற நாடுகளின் ஒத்த திட்டங்கள்

பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களைக் கொண்டு 1958 இல் பிரித்தானியாவில் தொடங்கிய வெளிநாட்டுத் தன்னார்வச் சேவை நிறுவனமும் பின்னாளில் தொழில் அனுபவம் பெற்றோரை அனுப்பும் நிறுவனமாக மாறியது. ஐக்கிய அமெரிக்காவின் அமைதிப் படை 1961 இல் அமைக்கப்பட்டது. அதன் வழமையான பணிக்காலம் பயிற்சி நீங்கலாக இரண்டு ஆண்டுகள். அதன் குறுகியகாலப் பிரிவு 1996 இல் தொடங்கப்பட்டது.

ஜப்பானியத் திட்டத்தில் ஜப்பானியக் குடிமக்கள் மட்டுமே சேர முடியும். இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளின் குடிமக்கள் சேரக்கூடிய அமைப்பாக, 1970 இல் ஐ. நா. பொதுச்சபைத் தீர்மானத்தால் நிறுவப்பட்டதும் ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டதுமான ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம் உள்ளது. ஆயினும் அதில் சேருவோர், தாம் விட்டுச்செல்லும் வேலைக்குத் திரும்பும் வழியைத் தத்தம் பணி வழங்குநரிடம் தாமே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம்
* அமைதிப் படை (ஐக்கிய அமெரிக்கா)
* ரமோன் மக்சேசே விருது