ஆர்க்காட்டு நவாபின் ஒருங்கு திரட்டிய கடன்

பல இடங்களிற் பட்ட கடன்களை ஒரே கடனாகத் திரட்டி, குறைந்த வட்டிக்கு மாற்றிக் கொள்வது நன்மையா, தீமையா? கடன் அட்டைகளால் கடன்பட்ட இக்காலத்தார் பலரும் கேட்கும் வினா இது. இதற்கு விடை தேட, 18-ஆம் நூற்றாண்டின் சென்னைப் பட்டினத்துக்குச் செல்வோம்.

நவாப் முகம்மது அலி வாலாஜா, ஆங்கிலேயர் துணையால் ஆர்க்காட்டு அரசுரிமையை நிலைநிறுத்திக் கொண்டவர். போர்ச் செலவு வகையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர் பெருந்தொகை தர வேண்டியிருந்தது. அதற்காகவும் பிற செலவுகளுக்காகவும் அக்கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். எஜமானனுக்குச் செலுத்த வேலைக்காரனிடம் கைமாற்று! வட்டியோ முதலில் நூற்றுக்கு 30 முதல் 36 வரை, பிறகு 25, இறுதியில் 20. செலுத்தாத வட்டி அவ்வப்போது முதலோடு சேர்க்கப்பட்டது.

சென்னையில் நிலவிய கொடுவட்டியைக் கேள்வியுற்ற கம்பெனி, நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாதென உத்தரவிட்டது. 1767-இல் பழைய கடன்கள் யாவும் ஒன்றாகத் திரட்டப்பட்டன. மொத்தம் 8,80,000 பவுன். வட்டி பாதியாயிற்று, பல பத்திரங்களுக்குப் பதில் ஒரு கணக்கு ஏற்பட்டது. இவை மெய்யான நன்மைகளே, மறுப்பதற்கில்லை.

ஆயினும் சிலேட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வராகனை 20 விழுக்காட்டுக்கு வாங்கி, நான்கு ஆண்டுகள் வட்டி செலுத்தாமல் முதலோடு சேர்த்துக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 207 வராகனாகும். அதனைப் புது முதலாக வைத்துப் பத்து விழுக்காடு கணக்கிட்டால், ஆண்டு வட்டி 20 வராகனுக்குச் சற்று மேல். நூறு வராகனுக்கு முதலில் ஒப்புக்கொண்ட வட்டியும் அதுதானே! விகிதம் பாதியாகியும் சுமை குறையவில்லை. பழைய கொடுவட்டி, நேர்மையான முதல் என்னும் பெயரைப் பெற்றுவிட்டது. வட்டி விகிதத்தை மட்டும் நோக்கி மகிழ்வோர் தவறவிடும் இடம் இதுவே.

இரண்டாவது கேடு இதனினும் பெரிது. பழைய கணக்குத் தீர்ந்ததாகத் தோன்றியதும் கை மீண்டும் நீண்டது. சம்பள பாக்கிக்காக நின்ற குதிரைப் படையைக் கலைப்பதற்கென 1777-இல் 1,60,000 பவுன் கடன். அதே ஆண்டில் மீண்டும் ஒரு திரட்டு. இம்முறை 24,00,000 பவுன், வட்டி 12 விழுக்காடு. பத்தே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தைக் காண்க.

இக்கடன்களுக்கு ஈடாக நின்றவை நவாபின் நகைகள் அல்ல. மாவட்டங்களின் நிலவரி வருமானம். பத்திரத்திற் கையெழுத்திட்டவர் ஒருவர். பாடுபட்டு அடைத்தவர் உழவர். தஞ்சை நாட்டு விளைச்சலின் மீதே தமக்கு உரிமையுண்டென்று பால் பென்பீல்டு என்னும் கம்பெனி ஊழியர் 1776-இல் வழக்காடினார். அப்பூசலின் முடிவில் கவர்னர் பிகட் பிரபு தம் சபையினராலேயே சிறை வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். கடன் கொடுத்தோர் பலர் ஆட்சிப் பொறுப்பிலும் இருந்தமையால், நியாயம் விசாரிக்க வேண்டியவரே வாதியும் ஆயினர்.

1784-இல் இலண்டனில் அமைந்த கட்டுப்பாட்டு வாரியம், இம்மூன்று கடன்களையும் கர்நாடக வருவாயிலிருந்து அடைக்க ஆண்டுக்கு 4,80,000 பவுன் ஒதுக்கியது. எது மெய்க்கடன், எது பொய்க்கடன் என்று ஆராயாது இவ்வாறு செய்ததைக் கண்டித்தே எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் பாராளுமன்றத்தில் புகழ்பெற்ற சொற்பொழிவை ஆற்றினார். மேலே சொன்ன தொகைகள் அவர் எடுத்துரைத்தவையே. பயன் விளையவில்லை.

முகம்மது அலி 1795-இல் காலமானார். 1801-இல் கர்நாடகம் கம்பெனி ஆட்சிக்குள் சென்றது. எஞ்சிய கோரிக்கைகளை ஆராய 1805-இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, பல்லாண்டுகள் உழைத்தது. இரண்டு கோடிப் பவுனுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் அதன்முன் வந்தன; பத்தில் ஒரு பங்குகூட உண்மையென ஏற்கப்படவில்லை. முன்பே ஆராய்ந்திருந்தால்? 1855-இல் நவாப் பட்டமும் ஒழிந்தபின், முகம்மது அலி எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. சென்னை அரசாங்கமே அதனை வாங்கிக்கொண்டது.