குழந்தைக்குத் தையலா... ஊசிக்கு முன்னாடி ஜெல் இருக்கு!

கட்டில் முனையில் இடிச்சு குழந்தைக்கு நெற்றி கிழிஞ்சிடுச்சு, தையல் போடணும்னு டாக்டர் சொல்றார். தையலைவிட, அதற்கு முன் காயத்துக்குள் மரத்துப்போவதற்காகப் போடும் ஊசிதான் குழந்தையை அலறவைக்கும். 'மரத்துப்போக ஜெல் வைக்கலாமா டாக்டர்?' என்று கேளுங்கள்.

லிக்னோகெய்ன், அட்ரினலின், டெட்ராகெய்ன் மூன்றும் கலந்த ஜெல் இது. காயத்தில் வைத்து 20 முதல் 30 நிமிடங்கள் காத்திருக்கணும். சுற்றியுள்ள தோல் வெளிறினால் பயந்துடாதீங்க, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதுவரை மொபைலில் கார்ட்டூன் ஓடட்டும், இன்னிக்கு ஒருநாள் திட்டாதீங்க! வலி மிச்சமிருந்தால் ஊசியும் தேவைப்படலாம். விரல், காது, மூக்கு நுனியில் இந்த ஜெல்லைப் பல டாக்டர்கள் தவிர்ப்பார்கள்.

வீட்டில் மரத்துப்போகும் க்ரீம் இருந்தால், நீங்களாகவே காயத்தில் தடவாதீர்கள். ரத்தம் எடுக்கும் முன் பூசும் அந்த க்ரீம், காயமில்லாத தோலுக்கானது.