கூடாரமும் பள்ளிக்கூடமும்: திருத்தங்கல் – சிவகாசி வட்டாரத்தில் திருச்சபைக் கல்வியும் உறவின்முறைக் கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

சர்ச் மிஷன் சங்கம் (சி.எம்.எஸ்.) ஆப்பிரிக்கத் துறைமுக நகரங்களிலும் பாளையங்கோட்டையிலும் உயர்நிலைக் கல்வி நிறுவனங்களை எழுப்பியது. சிவகாசியை மையமாகக் கொண்ட வடதிருநெல்வேலியில் அதே சங்கம் முதலில் கூடாரத்தையே அமைத்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தையும், இவ்வட்டாரத்தின் கல்வி வரலாற்றில், குறிப்பாகப் பெண்கல்வியில், அது விட்டுச்சென்ற தடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருத்தங்கல், சிவகாசி, சி.எம்.எஸ்., ராக்லண்ட், உறவின்முறை, மகமை, பெண்கல்வி

முன்னுரை

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் இடம்பெறும் தங்கால் என்னும் ஊரை ஆய்வாளர் இன்றைய திருத்தங்கலாகக் கொள்வர். அங்கு வந்த பராசரன், தன்னோடு பிழையின்றி மறை ஓதிய வார்த்திகன் மகனுக்கு அணிகலன்களைப் பரிசளிக்கிறான். சிறுவன் கல்வியால் பெற்ற செல்வம் தந்தையின் மீது ஐயத்தை எழுப்ப, வார்த்திகன் சிறைப்படுகிறான். உண்மை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்துத் தங்காலையும் வயலூரையும் அளிக்கிறான். அக்கதையில் கல்வி பிறப்புரிமையோடு பிணைந்தது. அவ்வுரிமை இல்லாதார்க்கு இம்மண்ணில் கல்வி எவ்வழியில் வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஒரே சங்கம், இரு வழிகள்

1799இல் தோன்றிய சி.எம்.எஸ். சங்கம், சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரில் 1827இல் ஃபூரா பே கல்லூரியையும், 1845இல் ஆண்களுக்கான இலக்கணப் பள்ளியையும் தொடங்கியது. பெண்களுக்கான ஆனி வால்ஷ் பள்ளி 1849இல் அமைந்தது. லாகோசின் இலக்கணப் பள்ளி 1859இல் எழுந்தது. இவற்றில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வளாகங்களே இருந்தன. திருநெல்வேலியிலும் இதே போக்கைக் காணலாம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் காலம் முதல் பள்ளிகள் பெருகின. ஆண்கள் கல்வியின் தொடர்ச்சியாகத் தூய யோவான் கல்லூரியும் (1878), பெண்கள் கல்வியின் தொடர்ச்சியாகச் சாராள் தக்கர் கல்லூரியும் (1895) உருவாயின.

வடதிருநெல்வேலி இதற்கு விலக்கு. சங்கத்தின் சென்னைச் செயலராக இருந்த தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், தெற்கிலுள்ள ஊழியர்கள் சபைப் பராமரிப்பிலும் பள்ளி மேற்பார்வையிலும் கட்டுண்டு கிடப்பதால் பிற சமயத்தாரிடையே செல்ல நேரமின்றிப் போவதைக் கண்டார். எனவே டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் 1854இல் ஊர்தோறும் கூடாரமடித்துச் செல்லும் பணியைத் தொடங்கினார். தென்பகுதிச் சபைகள் முறைவைத்துத் தம் உபதேசியார்களை இதற்கு அனுப்பின. ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியில் காலமானார். பின்னர்ச் சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் மிஷன் குடியிருப்பாக வளர்ந்து, பள்ளிகளைப் பெற்றது. எனினும் தொடக்கத்தில் நிறுவனம் தவிர்க்கப்பட்டது தற்செயலன்று. அது திட்டமிட்ட தெரிவு.

மகமை எழுப்பிய பள்ளி

இதே 1854ஆம் ஆண்டில் வெளிவந்த சார்லஸ் வுட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழிவகுத்தது. சமய நடுநிலையை வலியுறுத்திய இவ்விதி மிஷன் பள்ளிகளோடு, பிறர் நடத்தும் பள்ளிகளுக்கும் கதவைத் திறந்தது. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய வணிகப் பேட்டைகளின் நாடார்கள், தெற்கத்தியச் சிற்றூர்களைப் போலன்றிப் பெரும்பாலும் இந்துக்களாகவே நீடித்தனர். பேட்டைக்கு வரும் சரக்கின் மீது பெற்ற மகமை உறவின்முறையின் பொதுநிதியாயிற்று. அந்நிதியைக் கொண்டே 1885இல் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை நிறுவப்பட்டது. வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும் அதற்குத் துணைநின்றது. காமராசர் பயின்ற பள்ளி இதுவே.

திருச்சபை பள்ளியின்வழிச் சபையை வளர்த்தது போல, உறவின்முறை பள்ளியின்வழிச் சமூகத் தகுதியை நாடியது. 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரமும், 1908இல் பிரிவி கவுன்சில் வரை சென்று நாடார்களுக்கு எதிராக முடிந்த கமுதிக் கோயில் நுழைவு வழக்கும் அந்நாட்டத்தின் அவசரத்தை உணர்த்துகின்றன. கோயில் வாயில் அடைபட்டிருந்த காலத்தில் பள்ளி வாயில் தம் கையிலேயே இருந்தது என்பதுதான் மகமைப் பள்ளியின் வரலாற்றுப் பொருள் எனக் கருதலாம். திருச்சபை நிறுவிக் கொடுக்காத இடத்தை ஒரு சமூகம் தானே நிரப்பிக்கொண்டது.

பெண்கல்வி: விடுபட்ட பக்கம்

இருபாலரும் ஒருங்கே பயிலுதல் இவ்விரு மரபுகளிலும் கொள்கையாக முன்வைக்கப்படவில்லை. ஒரே ஆசிரியரைக் கொண்ட சிற்றூர்த் தொடக்கப்பள்ளியில் அது தேவையால் நேர்ந்தது. உயர்நிலைக்கு வந்ததும் சுவர் எழுந்தது. தனிப் பள்ளி என்பதன் உட்பொருள், இரண்டாவது கட்டடத்திற்குப் பணம் சேரும்வரை பெண் காத்திருக்க வேண்டும் என்பதாகும். கல்லூரிகளின் ஆண்டுகள் இதற்குச் சான்று. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இல் தொடங்க, வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962இல்தான் வந்தது. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும், திருத்தங்கல் சாலையிலுள்ள ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனத்தாரின் இராஜரத்தினம் பெண்கள் கல்லூரி 1968இலும் அமைந்தன.

அக்காத்திருப்பின் காலத்தில் சிறுமியர் சும்மா இருக்கவில்லை. 1920களில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில், பெட்டி ஒட்டவும் குச்சி அடுக்கவும் அவர்களை அழைத்துக்கொண்டது. கல்லூரிகளுக்குக் கொடையளித்த செல்வமும் சிறுமியரைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திய வேலையும் ஒரே தொழிலில் ஊற்றெடுத்தன. 1996இல் உச்ச நீதிமன்றம் எம்.சி.மேத்தா வழக்கில் அளித்த தீர்ப்பு, இம்முரணுக்குச் சட்டம் தந்த காலந்தாழ்ந்த விடையாகும்.

முடிவுரை

பாளையங்கோட்டையின் நிறுவன வரலாற்றை மட்டும் கொண்டு திருநெல்வேலித் திருச்சபைக் கல்வியை மதிப்பிட இயலாது; சிவகாசியின் கூடாரமும் அதன் பகுதியே. கூடாரம் விட்ட இடைவெளியில் மகமைப் பள்ளி உருவானது. ஆனால் பாலினப் பிரிவை அதுவும் கேள்விக்கு உட்படுத்தவில்லை. பள்ளியை நிறுவியவர் எவர் என்பதோடு, அதன் வாயிலுக்கு வெளியே நின்றவர் எவர் என்பதையும் சேர்த்துக் கேட்கும்போதே இவ்வட்டாரக் கல்வி வரலாறு முழுமை பெறும். தங்கால் கதையில் ஓதிப் பரிசு பெற்றவன் ஒரு சிறுவன். சிறுமியின் பெயர் அக்கதையிலும் இல்லை.