இதய நோயும் சிதறிய குடும்பங்களும்: நாம் எழுதி வைக்க வேண்டியவை

புலம்பெயர்ந்த நாட்டில் புதிய வைத்தியர் ஒருவரிடம் முதல் தடவை போனால் அவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெற்றோர், சகோதரரில் யாருக்காவது இதய நோய் இருந்ததா? எம்மில் பலர் உடனே "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் சொல்ல வேண்டிய பதில் "தெரியாது" என்பதுதான். நாற்பது வயதில் ஷெல் வீச்சில் போன தந்தைக்கு அறுபதில் இதயம் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நெஞ்சு நோகுது என்று படுத்து எழும்பாமல் போன பெரியப்பாவுக்குப் பிரேத பரிசோதனை நடக்கவில்லை. அம்மாவின் கிளினிக் கொப்பி இடப்பெயர்வில் தொலைந்து போயிற்று. கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட கட்டமும் பூச்சியம் போட்ட கட்டமும் ஒன்றல்ல. வைத்தியருக்கும் அப்படித்தான்.

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. தந்தை அல்லது சகோதரனுக்கு 55 வயதுக்கு முன்னரும், தாய் அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன்னரும் இதய நாடிகளில் அடைப்பு வந்திருந்தால் எமக்கும் ஆபத்து கூடுதல் என்று மருத்துவம் எடுத்துக்கொள்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான 'இன்ரர்ஹார்ட்' ஆய்வில் இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளும் இருந்தன. அந்த நாடுகளில் முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றைய நாடுகளில் ஏறக்குறைய 59. இந்த ஆறு வருட வித்தியாசத்தின் பெரும்பகுதிக்கு மர்மமான காரணம் எதுவும் இல்லை. புகைத்தல், கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன் போன்ற தெரிந்த காரணிகளே எமது மக்களிடம் இள வயதிலேயே சேர்ந்துவிடுகின்றன. தெற்காசியருக்கான இடுப்புச் சுற்றளவு எல்லையும் அதனால் குறைவு. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. வெள்ளையர்களோடு ஒப்பிட்டு "நான் மெல்லிசுதானே" என்று ஆறுதல்படுவதில் பொருளில்லை.

தொலைந்த தகவலில் ஒரு பகுதியையாவது மீட்கலாம். குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்த மாமி, பெரியம்மா, சித்தப்பாவிடம் இப்போதே கேட்க வேண்டும். அவர்களிடம் நோயின் பெயரைக் கேட்டால் பயனில்லை. நாக்குக்குக் கீழ் குளிசை வைத்தவரா, நடந்தால் மூச்சு வாங்கியதா, கால் வீங்கியதா, திடீரென்று விழுந்தாரா என்று கேட்டால் நினைவு வரும். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, பிறகு மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டவர் யாராவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அது வாதக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். இதய வால்வுகளைக் கெடுத்துப் பல வருடங்கள் கழித்தே அது வெளியில் தெரியும். இறந்தவர்களின் வயதுக்கு எமது அந்தியேட்டிக் கல்வெட்டுகள் நல்ல சான்று. பிறப்பு, இறப்புத் திகதிகளும் வம்சாவளியும் அவற்றில் இருக்கும். இறந்த காரணம் மட்டும் அநேகமாக இருக்காது. அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது, உயிரோடிருப்பவர்களின் எண்கள். ஒரு குடும்பம் நான்கு நாடுகளில் இருப்பதால் இங்கே ஒரு சிக்கல். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணா "சாப்பிட முன் சீனி 126" என்கிறார். லண்டன் தங்கச்சி "எனக்கு 7தான்" என்று நிம்மதியடைகிறார். பாரிஸ் தம்பியின் துண்டில் 1.26 என்று இருக்கிறது. மூன்றும் ஒரே அளவு. அதுவும் நீரிழிவு என்று சொல்லும் எல்லை. நாணய மாற்றுப் போலத்தான் இதுவும். லண்டனிலும் கனடாவிலும் தரும் மில்லிமோல் அளவை 18ஆல் பெருக்கினால் ஊரில் தரும் மில்லிகிராம் அளவு வரும். பிரான்சில் லீற்றருக்கு எத்தனை கிராம் என்று தருவதால் அதை 100ஆல் பெருக்க வேண்டும். கொலஸ்ட்ரோலுக்குப் பெருக்கும் எண் 38.7. ரைகிளிசரைட்டுக்கு 88.6. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனையில் கனடாவின் 6.5 வீதமும் பிரித்தானியாவின் 48உம் ஒன்றே. பிரெஞ்சு வைத்தியர் பிரஷர் "14/9" என்றால் அது 140/90.

கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 190 மில்லிகிராமுக்கு, அதாவது 4.9 மில்லிமோலுக்கு, மேல் ஒருவருக்கு இருந்தால் அது பரம்பரைக் கொழுப்பு நோயா என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. மெலிந்த, மரக்கறி மட்டும் உண்ணும் பிள்ளைக்கும் வரும். ஆகவே ரொறன்ரோவில் ஒருவருக்குக் கண்டுபிடித்தால் சூரிச்சிலும் வவுனியாவிலும் இருக்கும் உடன்பிறப்புகளுக்கு அன்றே சொல்ல வேண்டும். "வருத்தத்தை வெளியில் சொன்னால் பிள்ளையின் கலியாணம் குழம்பும்" என்று மறைப்பவர்களை நாம் அறிவோம். அந்த மறைப்பின் விலையைக் கொடுப்பது அதே பிள்ளையின் சகோதரர்கள்தான். இளவயது மாரடைப்பு உள்ள குடும்பங்கள் எல்.பி.(ஏ) என்ற பரிசோதனையையும் வைத்தியரிடம் கேட்கலாம். அதன் அளவைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிப்பதால் வாழ்நாளில் ஒரு தடவை செய்தாலே போதும்.

மாரடைப்பு வரும் நேரத்தில் எம்மவரின் பெரிய எதிரி "வாய்வு" என்ற சொல். இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு விடியட்டும் என்று படுப்பது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் கடும் நெஞ்சுவலி இல்லாமலே, மூச்சுத் திணறல், குளிர் வியர்வை, தாடை அல்லது தோள் நோ, குமட்டலாக அது வரலாம். காரில் ஏற்றிக்கொண்டு ஓடவும் கூடாது. அம்புலன்சிலேயே இதயத்தின் மின்பதிவை எடுப்பார்கள், வழியில் இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியும் அங்கே இருக்கும். அழைக்கும் எண் நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியா 999, பிரான்ஸ் 15, சுவிஸ் 144, நோர்வே 113, ஜேர்மனியும் டென்மார்க்கும் 112, கனடா 911, அவுஸ்திரேலியா 000, இலங்கை 1990. ஊரிலிருந்து பிள்ளைகளிடம் வந்து தங்கும் பெற்றோருக்கு இந்த எண்ணையும் வீட்டு முகவரியையும் தமிழில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பகலில் அவர்கள் தனியேதான் இருக்கிறார்கள்.

இதய நாடியில் ஸ்ரென்ற் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையைத் தாமாக நிறுத்தினால் ஸ்ரென்ற் திடீரென்று அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் நிற்கும்போது குளிசை முடிந்துவிடுவது இப்படி நிறுத்தப்படும் ஒரு வழி. தங்கும் நாட்களுக்கு மேலாக இரண்டு வாரத்துக்கானதைக் கைப்பையில் கொண்டு போக வேண்டும், பெட்டியில் அல்ல. கொம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப் பெயரையும் மில்லிகிராமையும் குறித்து வைத்தால் யாழ்ப்பாணத்து மருந்துக்கடையிலும் அது புரியும்.