ஊமைப் படங்களும் மன்னார்க் கரையும்

அமெரிக்க மேற்குப் புலத்துக் கதைகளைக் கூறும் பழைய ஊமைப் படங்களைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் உலகில் உளர். அவர்கள் அவற்றில் காணும் சுவை யாது? வில்லியம் ஹார்ட் போன்றோர் புழுதி படிந்த எளிய உடையில், மெய்யான வெட்டவெளியில் நடித்தனர். அந்த உண்மைச் சாயல் ஒரு காரணம், அருமை மற்றொன்று. அமெரிக்காவின் முழுநீள ஊமைப் படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றுள் முதல் வடிவிலேயே எஞ்சியவை நூற்றுக்கு 14 மட்டுமே என்று 2013இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. பேசும் படம் வந்ததும் இலாபம் தராத சுருள்களை முதலாளிகள் கைவிட்டனர்; எஞ்சியவற்றுட் பலவற்றைத் தீ உண்டது. 1937இல் ஃபொக்ஸ் நிறுவனத்தின் களஞ்சியம் எரிந்தபோது டொம் மிக்ஸின் படங்கள் பல சாம்பலாயின. இலங்கையின் முதல் கதைப்படமான ‘ராஜகீய விக்ரமய’வும் (1925) இங்கே திரையிடப்படுமுன்னரே எரிந்துபோயிற்று.

எஞ்சியவற்றுள் ஜோன் ஃபோர்டின் ‘இரும்புக் குதிரை’ (1924) சிந்தனைக்குரியது. 1869இல் அமெரிக்காவைக் குறுக்கே இணைத்த இருப்புப்பாதையின் கதை அது. பாதை அமைத்த சீனரும் ஐரிஷ்காரரும் அதிலே பெரும்பாலும் கூட்டமாகவே வருகின்றனர். நிலத்தை இழந்த செவ்விந்தியரோ பகைவராக வருகின்றனர். முன்னிலையில் நிற்பவன் குதிரைவீரனே.

இதைக் காணும் நமக்கு மன்னார்க் கரை நினைவுக்கு வராதா? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், தென்னிந்தியத் தொழிலாளர் இக்கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியும் கொள்ளை நோயும் எத்தனையோ பேரை வழியிலேயே வீழ்த்தின. அந்நாளில் சலனப்படம் பிறக்கவேயில்லை. 1914இல் தலைமன்னாருக்குப் புகைவண்டியும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் ஓடத் தொடங்கின. தகரச் சீட்டைக் கழுத்தில் அணிந்து வந்த மக்களை அப்பாதை தோட்டங்களுக்குச் சேர்த்தது. படக்கருவி அப்போது இருந்தது. ஆனால் அது உழைப்பவன் கையில் இல்லை.

1964 அக்டோபரில் இரு அரசுகள் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பல், வந்தவர்களின் மக்களையும் பேரரையும் திருப்பி ஏற்றிச் சென்றது. 1990இல் போர் இருப்புப்பாதையையும் குலைத்தது. 2015இல்தான் தலைமன்னாருக்கு மீண்டும் வண்டி வந்தது.

சுருள் சேர்ப்போரின் பற்றை நாம் இகழவேண்டியதில்லை. அழியும் பொருளைக் காப்பது நற்பணியே. அப்பற்றில் ஒரு பங்கு நமக்கும் வேண்டும். பழைய தகரச் சீட்டு, கப்பற் பயணச் சீட்டு, முதியோர் நினைவு என எஞ்சியவற்றை ஆசிரியரும் மாணவரும் இன்றே சேர்க்கட்டும். நினைவு நைத்திரேற்றுச் சுருளினும் விரைந்து அழியும்.