கண்ணுக்குத் துணையான குரல்

ஜப்பான் தேசத்து ரயில்களில், டிரைவரின் அறைக்குப் பின்னுள்ள கண்ணாடி வழியே நோக்கும் பிரயாணி, வெள்ளைக் கையுறை அணிந்த அம்மனிதர், பக்கத்தில் ஒருவருமே இல்லாதபோதும், எதிர்ப்படும் சிக்னலை விரல் நீட்டிச் சுட்டி அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வதைக் கண்டு வியப்படையக் கூடும். அவ்வழக்கத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

அங்கே முதல் ரயில்பாதை 1872-ஆம் ஆண்டில் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அந்நாளைய நீராவி இஞ்சினில், முன்னே நீண்டு கிடந்த பாய்லரும் அதிலிருந்து எழும் புகையும் டிரைவரின் பார்வையைப் பெரிதும் மறைத்தன. சில வளைவுகளில் கைகாட்டி மரம் எதிர்ப்பக்கத்தில் நிலக்கரி இடும் பயர்மேனுக்கே முதலில் தென்படும். கோபே நகரத்தில் ஹோரி என்ற டிரைவர், தம் பார்வை மங்கிவருவதை உணர்ந்து, சிக்னலின் நிலையைப் பயர்மேனிடம் திரும்பத் திரும்பக் கேட்டு நிச்சயித்துக்கொண்டே வண்டியைச் செலுத்தினார் என்றும், உடன் சென்ற அதிகாரி ஒருவர் அதனை யாவரும் கைக்கொள்ளத்தக்க முறையென மெச்சினார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அவ்வதிகாரியின் விவேகத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். ஏனெனில், "எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, நீயும் பார்" என்று சொல்பவனுக்கு உத்தியோகம் போய்விடும் என்ற பயம் உள்ள இடத்தில், எவரும் தம் குறையை மறைக்கவே முற்படுவர். அபாயமும் அம்மறைவிலேயே வளரும்.

1913-ஆம் ஆண்டில் கோபே ரயில்வே நிர்வாகம் வெளியிட்ட கையேட்டில், ஒருவர் உரைக்க மற்றவர் விடை கூறும் இம்முறை விதியாக ஏறியது. விரலால் சுட்டுதல் பிற்பாடு சேர்ந்தது. 'ஷுப்பட்சு ஷின்கோ' என்ற அவர்களுடைய முழக்கத்தைப் 'புறப்படுவோம்' என்று பலர் பொருள் கொள்கின்றனர். புறப்பாட்டுச் சிக்னல் 'செல்லலாம்' எனக் காட்டுகிறது என்பதே அதன் பொருளாதலால், கண்டதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள், விரும்பியதை அல்ல. பழகிய கண் பாராமலே பார்த்ததாக எண்ணிவிடும். விரலும் நாவும் செவியும் கூடும்போது மனம் விழித்துக்கொள்கிறது. ஜப்பானிய ரயில்வே ஆராய்ச்சி நிலையம் 1994-இல் நடத்திய ஒரு பரிசோதனையில், நூறு செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டியும் சொல்லியும் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தது.

நம் ரயில்வே விதிகளிலும், டிரைவரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலின் நிலையையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்ற கட்டளை உண்டு. லாரிகளிலோ, வண்டி பின்வாங்கும்போது இறங்கி நின்று "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்த கிளீனர் இப்போது பல வண்டிகளில் இல்லை. இரவெல்லாம் தனியே ஓட்டும் டிரைவர் அன்பர்களே, திரும்புமுன் பக்கக் கண்ணாடியைச் சுட்டி, கண்டதை நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர் எவரேனும் நகைத்தால் நகைத்துப் போகட்டும்.