பஞ்சத்தில் நின்றுபோன தீட்டு

பஞ்சத்தின் வரலாற்றைச் சாவுக் கணக்காகவே படித்துப் பழகிவிட்டோம். இன்னொரு கணக்கும் உண்டு என்பதை பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லெ ருவா லாதுரி 1969இல் 'அனால்' இதழில் எழுதிய கட்டுரை வழியாகத்தான் நான் அறிந்தேன். பட்டினியில் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதே அக்கட்டுரையின் பொருள். பதினேழாம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் பிறப்புகள் சரிந்ததை அவர் இதோடு சேர்த்துப் படிக்கிறார்.

உடலுக்குள் நடப்பது இதுதான். சோறு குறைந்தால் கொழுப்பு கரைகிறது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் (1994இல் கண்டறியப்பட்டது) குறைகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞை தளர்கிறது. சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன்கள் இறங்க, ஈஸ்ட்ரோஜனும் இறங்குகிறது. கருமுட்டை வெளிவருவதில்லை. அச்சமும் கடும் உழைப்பும் இதைத் துரிதப்படுத்தும். நீடித்தால் எலும்பும் தேயும்.

1944-45 குளிர்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் ரேஷன் நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போயிற்று. பல பெண்களுக்கு விலக்கு நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் ஏறத்தாழப் பாதியாயின. உடலுழைப்பாளர் குடும்பங்களில் சரிவு கூடுதல். ஆக, ஹார்மோனுக்கும் வர்க்கம் உண்டு.

நம் தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876-78) வருவோம். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையுமாக வெட்டினார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். மண் சுமக்கும் உடலுக்கு எவ்வளவு தானியம் போதும் என்பதே அவர்களுடைய சர்ச்சை. 1878இல் சென்னை மாகாணத்தில் பதிவான பிறப்புகள் கடுமையாக விழுந்தன. கணவன் மனைவி பிரிந்து அலைந்தது, கருச்சிதைவு, சாவு எல்லாமே இதில் சேரும். ஆனால் நின்றுபோன விலக்கையும் சேர்க்காமல் அந்த எண்ணைப் படிக்க முடியாது.

காலனியம் உடலைக் கூலியாக அளந்தது, சரி. நாம எப்படி அளந்தோம்? "தூரம்னா தனியா உக்காரு, அதைத் தொடாத, இதைத் தொடாத" என்று வந்த நாளையெல்லாம் எண்ணி வைத்த சமூகம் இது. வராமப் போன மாசங்களை யாரு எண்ணினா? எல்லாரும் தின்னு மிச்சம் இருந்தாத்தானே அவளுக்குச் சோறு? பஞ்சம் வருமுன்பே அவளுடைய ரேஷனை வீடு வெட்டியிருந்தது. டெம்பிளை விசாரிக்கும் நாம் அந்த அடுப்படியையும் விசாரித்தாக வேண்டும்.